இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி இவர் கொடுத்தது. ஏதோ கைக்கடிகாரக் கம்பெனி புது வருடத்துக்கு இலவசமாகக் கொடுத்ததாம். அட்டை நீலம். இவருக்கு நீலத்தை விட்டால் உலகத்தில் வேறு நிறமே கிடையாது. கல்யாணமாகி இருபத்தோரு வருடம். ஹாங்காங்கிலிருந்து ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நீலச் சேலை. பத்துச் சேலை சேர்ந்துவிட்டது. நீலம் எனக்கு அறவே பிடிக்காது. எட்டுச் சேலையைச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்துத் தீர்த்தேன்.

சனிக்கிழமை ஹாங்காங்கில் வந்து இறங்கினேன். ஜோர்டான் என்கிற பகுதியில் எட்டாவது மாடி. மொத்த வீடும் காயல்பட்டினத்தில் என் அடுப்படிக்குள் அடங்கிவிடும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரன் பல் தேய்ப்பது தெரிகிறது. இதற்குத்தான் ஊரில் ஹாங்காங் மாப்பிள்ளை என்றால் அத்தனை மவுசு.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். நாற்பது நாள் விருந்து சாப்பிடுவார். பிறகு பயணம் போவார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் போவார். அதனால் புருஷன் வீடு என்று ஒன்றை நாற்பது வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். இவ்வளவு நாள் பார்க்காததில் நான் ஒன்றும் குறைந்து போய்விடவில்லை.

நான் வந்தது ஊர் சுற்ற இல்லை. மகள் ஹஸனாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அவளுக்கு இருபது வயது, பி.காம் கடைசி வருடம். பையன் பெயர் அனீஸ், இங்கே இவரைப் போலவே ரத்தினக் கல் வியாபாரத்தில் இருக்கிறான். பையனை நேரில் பார்த்து, நோன்புக்கு முன்னால் முடிவு சொல்ல வேண்டும். பிப்ரவரி 27-க்குத் திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

நான் வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போவேனாம். அதற்காக இவர் என்னைக் கேட்காமலேயே ஒரு சமூக மையத்தில் கான்டனீஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார். திங்களும் வியாழனும் காலையில். இலவசம். இலவசத்துக்கு ஏற்ற தரம்தான்.

டீச்சர் பெயர் லாவ் மிஸ். தலைமுடிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் சாயம். ஹஸனாவைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். எட்டுப் பேர் படிக்கிறோம். எனக்குப் பக்கத்தில் தில்மாயா என்ற நேபாளத்துக்காரி. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. டீச்சர் கொட்டாவி விட்டால்கூடச் சிரிப்பாள்.

இன்றைய பாடம், ஒரு காரியம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை நடக்கிறது என்று சொல்வது. பலகையில் ஒரு கோடு போட்டாள். இந்தக் கோடியில் செங் யத், அதாவது எப்பவும். அதற்குக் கீழே கான் ஜுங், எப்பவாவது. அதற்கும் கீழே ஹோ சியு, அபூர்வமாக. அந்தக் கோடியில் ச்சுங் லொய், ஒருநாளும் கிடையாது. முய் யத் என்றால் தினமும். எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்பதற்கு கெய் நொய் யத் ச்சி. இதைச் சொல்ல ஆறு வகை ராகம் வேறு. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கணக்குச் சொல்ல இத்தனை பாடு.

ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். தில்மாயாவிடம், துணி துவைப்பது எத்தனை நாளைக்கு ஒரு தடவை. என்னிடம் வந்ததும், "உங்கள் கணவரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள்?" என்றாள். எல்லோரும் முய் யத் சொல்வதற்காக வைத்த சுலபமான கேள்வி போலிருக்கிறது. நான் யோசித்து, சரியாகச் சொன்னேன்.

"லெங் நின் யத் ச்சி." இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு டீச்சர் கேள்வியை மறுபடியும் மெதுவாகக் கேட்டாள். நான் மறுபடியும் அதையே சொன்னேன். தில்மாயா சிரித்தாள். அப்புறம் ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைத் தடவினாள். அசட்டுத்தனம். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

கொத்துமல்லி வாங்க நாலு கடை ஏறி இறங்கினேன். இவர்கள் ஊர்க் கொத்துமல்லிக்கு வாசனை என்பதே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

வீட்டுப்பாடமாம். வீட்டில் நடக்கும் ஏதாவது ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, தினமும் குறித்துவந்து, வியாழக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல.

எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவதை எழுதிவிடலாம். காலையில் நான் எழுந்து, பால் காய்ச்சி, எங்கள் உம்மா போடும் கணக்கில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுக்கிறேன். ரெண்டு மடக்குக் குடித்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏழு மணிக்குக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழுக்குப் போய் அங்கே யாருக்குக் காவல் காக்கிறாரோ.

ஜனவரி 14: பாதி.

ஜனவரி 15: பாதி. பசியாற வைத்த ரெண்டு இடியாப்பத்தில் ஒன்று. தேங்காய்ப்பால் சீனியோடு அப்படியே இருந்தது.

ஜனவரி 16, வியாழன்

இன்றும் பாதி. வகுப்பில் சொன்னேன்: என் கணவர் செங் யத் டீயைப் பாதியில் வைக்கிறார். டீச்சர் கை தட்டினாள். எல்லாவற்றுக்கும் கை தட்டுவாள். பிறகு, "ஏன்?" என்று கேட்டாள்.

ஏன் என்பது பாடத்தில் இல்லை. வீணாக்குவது அவர் சுபாவம் என்று சொல்ல வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. தோளைக் குலுக்கினேன். இந்தத் தோள் குலுக்கல்கூட இங்கே வந்து தொற்றிக்கொண்டதுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

அனீஸ் வந்தான். கூடவே அவனுடைய பெரியவாப்பா ஹபீப் ஹாஜியார். இவரோடு சேர்ந்து மூன்று ஆண்களும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் அடுப்படியில். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் மூன்று அடி. ஹாஜியார் தொண்டையைச் செருமினால் என் தாளிப்புச் சட்டியில் கேட்கிறது. இருந்தாலும் நான் அங்கே இல்லாதது போலத்தான் பேசினார்கள்.

"மாப்புள தங்கமான புள்ள. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. கல்யாணம் முடிச்சு நாப்பது நாள் இருந்துட்டு வந்துருவான். வழக்கம்போலதான்" என்றார் ஹாஜியார். கல்லை விற்கும்போதும் இதே குரலில்தான் பேசுவார் என்று நினைக்கிறேன்.

பையன் உயரம். காது கொஞ்சம் பெரிசு. அதிகம் பேசவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் வட்டிலாப்பம் செய்திருந்தேன். பன்னிரண்டு முட்டை, இரண்டு தேங்காயின் பால், ஏலக்காய், ஒரு மணி நேரம் ஆவியில். இவர் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் முதல் நாள் உம்மா செய்து வைப்பது இதுதான். மூன்று பேரும் ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டார்கள். அனீஸ், "ரொம்ப நல்லாயிருக்கு மாமி" என்று திரையைப் பார்த்துச் சொன்னான். மாப்பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஒரு வாக்கியத்தை யாரோ பாடம் எடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 20, திங்கள்

வகுப்பு முடிந்து வரும்போது மழை. குடை கொண்டு போகவில்லை. எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு டீக்கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து ஒரு கிழவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பிளாஸ்டிக் செருப்பு. முன் பல் ஒன்று கிடையாது. என் முகத்தைப் பார்த்தாள், கையால் சதுரமாக ஒரு படம் வரைந்து காட்டினாள். பிறகு என் புருஷன் பெயரைச் சொன்னாள். நூஹு என்பதை அவள் வாயில் கேட்க வேண்டும்.

இவர் என் போட்டோவை இவளிடம் காட்டியிருக்கிறார். எந்தப் போட்டோ, எப்போது என்று தெரியவில்லை.

பெயர் மேய் ஜே. ஜே என்றால் அக்கா. உட்கார வைத்தாள். பால் டீக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் நாய் ச்சா. பெயருக்கு ஏற்ற ருசி. நான் ஒரு மடக்கு குடித்ததும் முகத்தைச் சுளித்திருப்பேன் போல. அவள் சிரித்துக்கொண்டு சீனி டப்பாவைத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே பேசினாள். வகுப்பில் கற்றதால் பாதியாவது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நூஹு முய் யத் வருவான். ஏழேகாலுக்கு. இருபத்திரண்டு வருடமாக. சீனி ச்சுங் லொய் போடமாட்டான்.

நான் தப்பாகக் கேட்டேனோ என்று, "ச்சுங் லொய்?" என்றேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி, சீனி டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் காட்டினாள். இனிப்பு என்றால் இவர் முகம் எப்படிப் போகும் என்று செய்தும் காட்டினாள். அச்சு அசல் அதே முகம். நேற்று வட்டிலாப்பம் தின்னும்போது நான் திரை வழியாகப் பார்த்த முகம். ருசித்துச் சாப்பிடுகிறார் என்றல்லவா நினைத்தேன்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்தாள். அடியில் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு புள்ளி. இவருக்கென்று தனி கிளாஸ். பன்றிக்கறி புழங்கும் கடை, அதனால் அதை வேறு எதனோடும் சேர்க்காமல் தனியாகக் கழுவித் தனியாக வைக்கிறாளாம். புள்ளி அழிந்தால் மறுபடியும் வைப்பாளாம்.

மழை விட்டதா என்றுகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

சீனி போடாமல் டீ கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்து என்னைப் பார்த்தார். முழுவதும் குடித்தார். 

ஜனவரி 23, வியாழன்

வகுப்பில் டீச்சர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்கு நாற்பது நாள். அப்புறம் பத்துத் தடவை, தடவைக்கு இரண்டு மாதம். ஹஸனா பிறந்தபோது அவர் இல்லை. என் வாப்பா மௌத்தானபோதும் இல்லை. மொத்தம் அறுநூற்று நாற்பது நாள். இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

அந்தப் பல் போன கிழவி ஏழாயிரம் காலை பார்த்திருக்கிறாள்.

இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? டீக்கடைக்காரி. நான் பொறாமைப்படவும் இல்லை. தில்மாயா என் நோட்டை எட்டிப் பார்த்தாள். மூடிவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன். ஜும்ஆவுக்குக் கிளம்ப சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இவர் இஸ்திரி போடத் தெரிந்தவர் என்பதே இங்கே வந்துதான் தெரியும். ஊரில் தண்ணீர்கூட நாங்கள் கையில் கொடுப்போம்.

"நீங்க சீனி போட்டுக்கிறதில்லையாமே?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாரு சொன்னா?"

"உங்க அக்கா."

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். "மொத நாள் மாமி மூணு கரண்டி போட்டுக் கொடுத்தாங்க. புது மாப்புள. நல்லாயிருக்குண்டு சொல்லிட்டேன். மறுநாளும் அதையே கொடுத்தாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"இருபத்தோரு வருசமாவா?"

"ரெண்டு வருசத்துக்கு ரெண்டு மாசம்தானே, முஹ்சினா. குடிச்சிட்டுப் போயிரலாம்ண்டு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "எனக்கு நீலச் சேலை பிடிக்காது" என்று கத்திவிட்டேன். "ஒண்ணுகூடப் பிடிச்சதில்ல. பத்தும் பிடிக்கல." எதிர்வீட்டுக்காரன் ஜன்னலுக்கு வந்து பார்த்தான்.

இவர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு மெதுவாக, "கல்யாணத்துக்கு மறுநாள் நீ நீலம் கட்டியிருந்த" என்றார்.

அது என் தங்கச்சியின் சேலை. என்னுடையது இஸ்திரியில் கருகிவிட்டது. இதையும் நான் இவரிடம் சொன்னதில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மடித்துவிட்டு, வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு தொழப் போனார். ஞாபகம் இருந்தால்தானே.

ஜனவரி 31, வெள்ளி

சீனப் புத்தாண்டு. மேய் ஜேயின் கடை மூன்று நாள் மூடல். ஏழு மணிக்கு இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டு, ஞாபகம் வந்து திரும்புகிறார். அந்த அழகைப் பார்க்கச் சகிக்கவில்லை. டீயைப் போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். ஒன்பதரை வரை பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஹஸனாவிடம் போனில் பேசினேன். அனீஸ் காது கொஞ்சம் பெரிசு என்றேன். "போட்டோவில பார்த்தேன் உம்மா" என்றாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "நீங்களும் வாப்பாவும் சொன்னா சரி" என்கிறாள். நானும் என் உம்மாவிடம் இதையேதான் சொன்னேன். அச்சில் வார்த்தது போல எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வாக்கியம்.

உம்மா போனைப் பிடுங்கி, "என்ன யோசன? ஹாங்காங் மாப்புள. புள்ள நம்மகூடவே வீட்டுல இருக்கும், வேற என்ன வேணும்?" என்றாள். உண்மைதான். சரி என்று சொன்னால் ஹஸனா என் வீட்டிலேயே இருப்பாள். நான் தூங்கி எழுந்தால் பக்கத்து அறையில் இருப்பாள். எனக்கும் அதுதான் வேண்டும். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மறுபடியும் வீட்டுப்பாடம். இந்தத் தடவை ஒரு ஆளைப் பற்றி ஐந்து வாக்கியம். என் கணவர் முய் யத் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். என் கணவர் கான் ஜுங் தூக்கத்தில் கான்டனீஸ் பேசுகிறார். என் கணவர் ஹோ சியு கோபப்படுகிறார். என் கணவர் ச்சுங் லொய் சீனி போடமாட்டார். ஐந்தாவது எழுத ஒன்றும் இல்லை. என் கணவர் வீட்டில் சத்தம் போட்டுச் சிரிப்பது அபூர்வம் என்று எழுதினேன்.

நேற்று வேண்டுமென்றே ஏழரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து, மேஜையைத் தட்டி, தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் இவர் உட்காரும்போதுகூட நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். மரியாதை என்று நாங்கள் நினைத்தோம். விருந்தாளி வேறு எப்படி உட்காருவான்?

பிப்ரவரி 9, ஞாயிறு

ஹாஜியாரும் அனீஸும் முடிவு கேட்க வந்தார்கள். இவர் என்னிடம் முதலில் கேட்டார். "நீங்க பேசுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

டீயும் சம்சாவும் போனது. ஹாஜியார் பிஸ்மி சொல்லி ஆரம்பித்தார். நோன்பு முடிந்து ஷவ்வால் மாதத்தில் நாள் பார்க்கலாம், நாற்பது நாளுக்கு லீவு சொல்லியாயிற்று, அது இது என்று. என் மகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் கை ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டு திரையைத் தள்ளி முன்னறைக்கு வந்து நின்றேன்.

ஹாஜியார் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். மாமியார் ஆகப்போகிறவள் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்பதை அவர் ஆயுளில் பார்த்திருக்கமாட்டார். பார்க்கட்டும்.

"அனீஸ், அன்னைக்கு வட்டிலாப்பம் சாப்பிட்டீங்களே, பிடிச்சிச்சா?"

"பிடிச்சிச்சு மாமி."

"உண்மையச் சொல்லுங்க."

அவன் பெரியவாப்பாவைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். இவர் தன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேங்காப்பால் எனக்கு ஒத்துக்காது மாமி" என்றான் அனீஸ். பெரிய காது ரெண்டும் சிவந்துவிட்டது.

"நல்லது. இன்னொண்ணு கேக்குறேன். கல்யாணம் முடிச்சா எத்தனை நாளைக்கு ஒருக்க ஊருக்கு வருவீங்க?"

"இது என்ன கேள்வி?" என்றார் ஹாஜியார், தரையிடம். "வழக்கம்ண்டு ஒண்ணு இல்லையா?"

"உங்ககிட்ட கேக்கல ஹாஜியார்."

அனீஸ் விரலை நெட்டி முறித்தான். "முதலாளி ரெண்டு வருசம்ண்டு சொல்றாரு மாமி. ஆனா எனக்கு முன்னாடி ஊருக்குப் போன ஆளுக்கு மூணு வருசமாச்சு."

"அவளை இங்க கூட்டிட்டு வர முடியுமா?"

"இப்ப முடியாது மாமி. நாலு பேரோட ரூம்ல இருக்கேன்."

பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. "முடியிறப்ப வாங்க. அப்ப பேசலாம்" என்றேன். "கூட்டிட்டுப் போற மாப்புளைக்குத்தான் என் புள்ள."

ஹாஜியார் எழுந்துவிட்டார். "நூஹு, உங்க வூட்ல பொம்பளதான் பேசுவாங்களா?" என்றார். ஊர் முழுக்கச் சொல்லப்போகும் வாக்கியத்தை வாசலிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இவர் எழுந்தார். நாற்காலியின் நுனியிலிருந்து இல்லை, முழுசாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தார். "ஆமா ஹாஜியார். அவ சொன்னதுதான்" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. ஊரிலிருந்து பதினாலு போன். உம்மா அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள். நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தவள் என்று எனக்குப் பெயர் வந்தாயிற்று. தங்கச்சி, "புள்ளைய அனுப்பிட்டு நீ அந்தப் பெரிய வூட்ல உம்மாவோட தனியா என்ன செய்வ?" என்றாள். அதை நான் யோசிக்காமலா இருந்தேன்?

பிப்ரவரி 11, செவ்வாய்

ஹஸனா போன் செய்தாள். கல்லூரி மாடிப்படியிலிருந்து பேசினாள். பின்னால் பெண்கள் சத்தம். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"உம்மா, நீங்க அவர்ட்ட கேட்டீங்களாமே?"

"கேட்டேன்."

"எனக்கும் அதைத்தான் கேக்கணும்ண்டு இருந்துச்சு. எப்படிக் கேக்குறதுண்டு தெரியல." யாரிடமோ இதோ வருகிறேன் என்றாள். "நீங்க வாப்பாட்ட கேட்டீங்களா?"

"என்னத்த?"

"அதையேதான்."

மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள். கொழுப்பு. என்னிடமிருந்து வந்ததுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

வகுப்பில் தில்மாயா எனக்காக ஒரு டப்பாவில் ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள். போன திங்கள் நான் வரவில்லையே, உடம்பு சரியில்லையோ என்று. உப்பு அதிகம். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். இன்னும் ஏழு நாள். இவர் பெட்டியைப் பார்த்தார். சாயந்திரம் கடையிலிருந்து வந்ததும் மேஜையில் ஒரு காகிதக் கட்டை வைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார். குழாயை ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தார்.

மனைவியைக் கூட வைத்துக்கொள்ள சர்க்காருக்குக் கொடுக்கும் விண்ணப்பம். என் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் இவர் கோழிக்கிறுக்கலில் நிரப்பியிருந்தது. காகிதம் ஓரமெல்லாம் பழுப்பு. கடைசிப் பக்கத்தில் தேதி: 2012. ஹஸனாவுக்கு அப்போது ஏழு வயது.

"இது என்ன?"

"அப்ப கேக்கலாம்ண்டு எழுதினேன். மாமிகிட்ட ஜாடையாச் சொல்லிப் பார்த்தேன். நம்மள்ல பொண்ண வூட்ட விட்டு அனுப்புற வழக்கம் இல்லண்டு சொன்னாங்க. நீயும் பக்கத்துலதான் நின்ன. ஒண்ணும் சொல்லல."

நின்றிருந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். மூன்று கரண்டி போட்டு.

"இது செல்லாது. பழைய காயிதம்" என்றேன்.

"தெரியும்."

"புதுசு கிடைக்குமா?"

கிடைக்கும் என்றார்.  பன்னிரண்டு வருடம் ஒரு காகிதத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு நீலச் சேலை வாங்கிக் கொடுத்தவரை என்ன சொல்வது? வாயில்லாத மனிதர். வாயில்லாத மனிதருக்கு வாயிருந்தும் பேசாத நான். இரண்டு பேரையும் நிற்க வைத்து ஊர் சிரிக்கலாம். அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம், அழுதேன்.

பிப்ரவரி 27, வியாழன்

விமானம் காலை பத்து மணிக்கு நான் இல்லாமல் போயிருக்கும்; புது விண்ணப்பம் கொடுத்து, என் விசாவையும் நீட்டியாயிற்று. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உம்மா இன்னும் பேசவில்லை. ஹஸனா பரீட்சை முடிந்து மே மாதம் வருகிறாள், பார்த்துவிட்டுப் போக. இந்த வீட்டில் அவளை எங்கே படுக்க வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் இவரோடு நானும் கிளம்பினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாது.

மேய் ஜே எங்கள் இருவரையும் பார்த்ததும் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது. சிவப்புப் புள்ளி கிளாஸில் இவருக்கு ஊற்றினாள். எனக்குக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்கும் பீங்கான் கோப்பையை எடுத்தாள். நான் தலையாட்டி மறுத்து, அலமாரியைக் காட்டி, இன்னொரு கண்ணாடிக் கிளாஸைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். கை ஜாடையோடு விடாமல், கான்டனீஸிலேயே சொன்னேன். 

அவள் கிளாஸைக் கழுவினாள். நகச்சாயக் குப்பியைத் தேடி எடுத்து, அடியில் ஒரு புள்ளி வைத்து, காயட்டும் என்று ஊதினாள். பிறகு, தனிக் கிளாஸ் வைப்பது என்றால் சும்மாவா என்கிற முகத்தோடு என்னைக் கேட்டாள். "கெய் நொய் யத் ச்சி?" எத்தனை நாளைக்கு ஒரு தடவை.

"முய் யத்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் நோன்பு, சூரியன் இறங்கினதுக்கு அப்புறம்தானே வருவீர்கள் என்று அவளே விரலை மேற்கே காட்டினாள். இருபத்திரண்டு நோன்பு பார்த்தவள், அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறரைக்குப் பிறகு, இரண்டு பேர் என்றேன்.

டீ சகிக்கவில்லை. நாளைக்கும் அப்படித்தான் இருக்கும்.